இரத்தப் பரிசோதனையைக் காட்டி வேலையைப் பறித்ததைக் கண்டிக்கிறோம்

எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்து, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் உழைத்துப் பிழைக்கும் நாங்கள் சங்கமாக இவ்வறிக்கையை வெளியிடுகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆண்டு மருத்துவப் பரிசோதனை என்று சொல்லி அவரிடம் இரத்தம் எடுத்தார்கள். எதற்கான பரிசோதனை என்று சொல்லவில்லை. சம்மதம் கேட்கவில்லை.

முடிவு அவரிடம் தெரிவிக்கப்படவில்லை, மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கப்பட்டது. மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவரை கேட்டிலேயே நிறுத்தி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். காரணத்தை இன்றுவரை எழுத்தில் தரவில்லை.

அவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்கிறது நிர்வாகம். நிர்வாகம் சொன்னதைச் செய்தேன் என்கிறார் ஒப்பந்தக்காரர். இரத்தம் எடுக்கப்பட்டது தொழிற்சாலை வளாகத்துக்குள்.

அவருடைய மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்று வந்தார். செய்தி தெருவுக்கு வந்தது. மாவு வாங்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மகளிர் குழுவில் அவருக்கு வரவேண்டிய கடன் அடுத்தவருக்குப் போனது. கிரைண்டர் வாங்கிய கடனுக்குத் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. உணவின் வழியாக எச்.ஐ.வி. பரவாது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும், வேலைக்கு முன்நிபந்தனையாகப் பரிசோதிப்பதையும், இந்நோயைக் காரணம் காட்டி வேலையை மறுப்பதையும் அது தடைசெய்கிறது. 100 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் உறுப்பினர் அப்படி ஒருவரைக் கண்டதில்லை.

இந்தச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1997-இல், பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில் இதைத் தீர்த்துச் சொன்னது: வேலை செய்யும் உடல்தகுதி உள்ளவருக்கு எச்.ஐ.வி.யைக் காட்டி வேலையை மறுக்க முடியாது.

2004 முதல் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. அதை ஒழுங்காக உட்கொள்பவர்கள் இரவு ஷிப்டும் பார்க்கிறார்கள். இப்போது எங்கள் உறுப்பினர்கள் மாத்திரை வாங்கும் நாளில் விடுப்பு கேட்கவே அஞ்சுகிறார்கள். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் பையில் வைக்கிறார்கள். தெரிந்தவர் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரை வாங்க அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போகிறவர்களும் உண்டு. மாத்திரை தவறினால் உயிருக்கு ஆபத்து. நேர்ந்தவற்றுள் இந்த அச்சத்தையே மிகப் பெரிய கேடாகக் கருதுகிறோம்.

சுயதொழிலுக்கு உதவி வாங்கித் தருவதாகச் சிலர் சமாதானம் பேசினார்கள். வேலை செய்ய முடிந்தவரை வெளியேற்றிவிட்டுத் தரும் தையல் இயந்திரம் அவருடைய வேலைக்கு ஈடாகாது.

உறுப்பினரின் பெயரையும் தொழிற்சாலையின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. தம் நிலையை வெளியிடும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

அவரை அதே வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டும். பரிசோதனை முடிவை வெளியிட்டவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். நிறுத்திய நாள் முதலான கூலி முழுவதையும் வழங்க வேண்டும்.