கான்டன் சமையலும் காலக் கணக்கும்

உண்பதற்கென்றே தேசாந்தரம் புறப்படும் வழக்கம் நம்மவரிடையே இப்போது பெருகி வருகிறது. அதில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால் கான்டன் சமையலுக்குப் பிரசித்தி பெற்ற தென்சீன நகரங்களை நாடிப் போகிறவர்கள், மிஷலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்களின் ஜாபிதா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஹாங்காங்கில் இறங்கி, ஜாபிதா தீர்ந்ததும் விமானம் ஏறிவிடுவதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. இன்ன பருவத்தில், இன்ன பொழுதில், அடுப்பைவிட்டு இறங்கிய இத்தனை நேரத்துக்குள் என்று காலத்துக்குக் கட்டுப்பட்ட சமையல் அது; ஆகையால் பிரயாணத் திட்டத்தையும் அந்தக் கணக்கைக் கொண்டே வகுப்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

கான்டன் என்று மேனாட்டார் அழைத்த குவாங்சோவின் பொழுது காலைப்பொழுது. 1757 முதல் 1842 வரை, கடல்வழி வந்த மேனாட்டு வணிகர்களுக்குச் சீனப் பேரரசு திறந்து வைத்திருந்த ஒரே துறைமுகமாக விளங்கிச் செல்வம் கொழித்த அந்நகரத்தில், சூரியன் ஏறுமுன்பே முதியவர்கள் செய்தித்தாளும் கையுமாகத் தேநீர்ச் சாலைகளில் வந்து அமர்ந்துவிடுகிறார்கள். ஒரு கூஜாத் தேநீர், மூங்கில் தட்டில் ஆவி பறக்கும் சிற்றுண்டி இரண்டு. இவற்றை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது அங்கே சோம்பலாகக் கருதப்படுவதில்லை. கூஜாவின் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் பணியாள் வெந்நீர் வார்த்துவிட்டுப் போகிறார். ஒருவர் நமக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேஜையில் மெல்லத் தட்டுவதே நன்றி சொல்லும் முறை. மாறுவேஷத்தில் ஊர் சுற்றிய சியென்லுங் சக்கரவர்த்தி தம் சேவகனுக்கே தேநீர் வார்க்க, மண்டியிட்டு வணங்கினால் வேஷம் வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சிய அவன் விரல்களை மண்டியிடச் செய்தான் என்பது அதற்குச் சொல்லப்படும் ஐதீகம். சரித்திரமோ கட்டுக்கதையோ, கேட்க நன்றாயிருக்கிறது. அங்கே பரிமாறப்படும் ஹார் காவ் என்னும் இறால் கொழுக்கட்டையின் கோதுமை மாவுச்சத்துத் தோல், உள்ளிருக்கும் இறாலின் செந்நிறம் தெரியுமளவு மெல்லியது. ஆறிவிட்டால் அதே தோல் விறைத்துப் போகிறது. புகைப்படம் எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குவாங்சோவுக்குத் தெற்கே, போஷான் மாநகரைச் சேர்ந்த ஷுந்தேயைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் வேரை விட்டுவிட்டுக் கிளையைப் பார்க்கப் போகிறவர்கள். யுனெஸ்கோ 2014-இல் உணவுக்கலை நகரமாக அங்கீகரித்த இவ்வூரின் சமையற்காரர்களைப் பற்றிக் கான்டன் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசிவந்திருக்கிறார்கள். முன்பு இங்கே குளக்கரையில் முசுக்கொட்டை வளர்த்து, அதன் இலையைப் பட்டுப்புழுவுக்கு இட்டு, புழுவின் கழிவைக் குளத்து மீனுக்கு இரையாக்கி, குளத்துச் சேற்றை மீண்டும் முசுக்கொட்டைக்கே உரமாக்கினார்கள். குளத்து மீனைப் பக்குவம் செய்யும் இவர்களுடைய சாதுரியம் அந்த வாழ்விலிருந்து வந்தது. சற்றுமுன் தொட்டியில் நீந்திய மீனைச் சில நிமிஷம் மட்டும் ஆவியில் வைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, காய்ந்த எண்ணெயை மேலே ஊற்றி, சோயா ரசம் விட்டுக் கொண்டுவருகிறார்கள். மிளகாய் இல்லாததால் நம் நாக்கு முதலில் திகைக்கும். மீனின் சொந்த ருசி தெரிவதற்கு அந்தத் திகைப்பு அவசியம். பச்சை மீனை மெல்லியதாய்ச் சீவி உண்பதும் இங்கே பெயர்போன வழக்கமே. ஆயினும் நன்னீர் மீனில் கல்லீரல் புழுத் தொற்றுக்கு இடமுண்டாகையால் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதற்குப் பதிலாக ஷுந்தேயிலேயே உள்ள தாலியாங் பகுதியின் இரட்டை ஏட்டுப் பாலை உண்ணலாம். எருமைப்பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிட்டால் மேலே ஏடு படிகிறது. அதன் ஓரத்தைக் கீறி, பாலை மட்டும் வடித்தெடுத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, அதே கீறல் வழியே திரும்ப வார்க்க, அடியில் ஒட்டிக் கிடந்த ஏடு மிதந்து எழும்புகிறது; ஆவியில் வேகும்போது மற்றோர் ஏடும் உண்டாகிறது. இத்தனை பொறுமையும் ஒரு சிறு கிண்ணத்துக்காக!

மக்காவுக்கு ஒரு நாள் போதும். 1999 வரை போர்த்துகீசியர் ஆண்ட அவ்வூரின் ஆப்பிரிக்கக் கோழியும் முட்டைப் பணியாரமும் ருசியானவைதான், ஆனால் அது வேறொரு சமையலின் கதை. அங்கிருந்து 55 கிலோமீட்டர் நீளப் பாலத்தின் வழியே ஹாங்காங் செல்லலாம். தெருவோரக் கடைகள் அருகிவரும் ஹாங்காங்கில், எஞ்சியவற்றுள் ஒன்றில் இரவில் அமர்ந்து, புகையும் இருப்புச் சட்டியில் வறுத்த அரிசி நூடுல்ஸைத் தட்டு மேஜைக்கு வந்த கணமே உண்டால், நட்சத்திர உணவகங்களை நான் ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன் என்பது விளங்கும். சைவ உணவினர்க்குக் கீரையிலும் சிப்பி ரசம் கலந்துவிடும் சங்கடம் உண்டு. லாந்தாவ் தீவின் போ லின் மடாலயத்தில் அவர்களுக்கு நிம்மதியான போஜனம் கிடைக்கும்.

பருவத்தைச் சொன்னால், மண்சட்டிச் சோறும் உலர்த்திய தொத்திறைச்சியும் குளிர்காலத்துப் பதார்த்தங்களாகையால் டிசம்பரே சிறந்தது. சீனப் புத்தாண்டில் கடைகள் பல அடைத்திருக்கும்; அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய விடுமுறைக் கூட்டம். 1957 முதல் நடந்துவரும் கான்டன் வணிகக் கண்காட்சி வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கூடும்போது அறை வாடகை உயர்ந்துவிடும். கண்காட்சிக்கெனப் போகும் நம் வியாபாரிகள் மட்டும், இந்திய உணவகத்தோடு நின்றுவிடாமல் ஒரு காலையையாவது தேநீர்ச் சாலைக்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

தனியாகப் போகாதீர்கள், பதார்த்தங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்துண்ணும் மேஜையில் நால்வராவது இருந்தால்தான் நாலைந்து வகையைப் பார்க்க முடியும். சீனப் பெருநிலத்திலிருந்து ஹாங்காங்குக்கோ மக்காவுக்கோ போவது விசாக் கணக்கில் நாட்டைவிட்டு வெளியேறியதாகவே கொள்ளப்படும். ஆகவே ஒருமுறை நுழைவதற்கான விசா வைத்திருப்பவர்கள் குவாங்சோவில் தொடங்கி ஹாங்காங்கில் முடிப்பதே சௌகரியம்.