மன்னிப்பு மருமகளுக்கு மட்டும்தானா?



பூதலூர்க்காரர்களான எங்களுக்குப் பூண்டி மாதா கோயில் ரொம்ப தூரமில்லை. மனசுக்குக் கஷ்டம் என்றால் எந்த மதத்தவரும் அங்கே போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம்.

பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவர். அவர் மருமகள் பிள்ளை பெற்ற ஒரு மாதத்தில் தூக்கம் இல்லாமல், குழந்தையைத் தொடாமல், சுவரையே பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "காத்து கருப்பு" என்றார்கள் சிலர். "விசுவாசம் போதலை" என்றார்கள் சிலர். பங்குச் சாமியார்தான், "ஜெபத்தை விடாதீங்க, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டும் கடவுள் கொடுத்ததுதான்" என்றாராம்.

வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பாகாயம் மனநல மருத்துவமனைக்குப் போனார்கள். மிஷனரி டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1957-ல் ஆரம்பித்தது அது. சேர்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்த அக்காவுக்கு ஆச்சரியம். வீட்டார் ஒருவர் நோயாளியோடு தங்கியே ஆக வேண்டுமாம்! 1950-களிலேயே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் போட்டு, நோயாளியோடு வீட்டாரையும் தங்க வைத்திருக்கிறார்.

மருந்தோடு பேச்சும் நடந்தது. மாமியார், மகன், மருமகள் மூவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டார்கள். அக்கா என்னிடம் சொன்னது இது: "ஏசு மன்னிச்சார், நீயும் மன்னிச்சுடுன்னு அவகிட்டயே சொல்லிட்டிருந்தேன்டி. உனக்கு என்ன வலின்னு ஒருநாளும் கேக்கலை. பொட்டப்புள்ளன்னு நான் மூஞ்சியைத் திருப்பினதை அவ அங்கதான் சொன்னா. நான்தான் மன்னிப்புக் கேட்டேன்."

வியாதி மாமியார் பேச்சால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் இப்படி யாருக்கும் வரலாம். ஆனால் அது ஆறுவதற்கு வீடும் மாற வேண்டியிருந்தது.

பைபிளில் ஊதாரி மகன் கதை உண்டல்லவா? இளையவன் திரும்பி வந்ததோடு அது முடிவதில்லை. மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறான். அப்பா அவனிடமும் போய், அவன் மனக்குறையைக் கேட்கிறார். குடும்பத்தையே உட்கார வைத்துப் பேசுகிற வைத்தியமும் ஏறக்குறைய அதுதானே! ஒருத்தியை மட்டும் "பொறுத்துக்கோ" என்பது மன்னிப்பு இல்லை, வாயை அடைப்பது.

இப்போது ஞாயிறு பூசைக்குப் போகையில் குழந்தையை அக்காதான் தூக்கிக்கொள்கிறார். மருமகள் ஜெபமாலையையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை.

சகோதரிகளே, பிள்ளை பெற்றவள் நாள் கணக்கில் தூங்காவிட்டால், காரணமில்லாமல் அழுதால், சம்பந்தமில்லாமல் பேசினால் தள்ளிப்போடாதீர்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அரசாங்கத்தின் இலவச மனநல ஆலோசனை எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். வேண்டிக்கொள்ளுங்கள், கூடவே வண்டியும் பிடியுங்கள்.