ஐக்கியம் என்றால் ஆபத்திலும் பங்கு

கூலி உயர்வு கேட்டு ஒரு கிராமத்து விவசாயத் தொழிலாளிகள் அரிவாளைக் கீழே வைக்கிறார்கள். வயலில் கதிர் முற்றி நிற்கிறது. நாள் கடந்தால் நெல் உதிரும். அந்தச் சில நாட்கள்தான் தொழிலாளியின் பலம். மிராசுதாருக்கும் இது தெரியும். ஆகவே அவர் வயலைப் பார்ப்பதில்லை, தெருக்களைப் பார்க்கிறார். எந்தத் தெருவுக்கும் எந்தத் தெருவுக்கும் தண்ணீர் புழக்கம் இல்லை என்று கணக்கெடுக்கிறார். அந்தப் பிளவின் வழியாகத்தான் கருங்காலி வேலைக்கு ஆள் வருகிறது.

கிராமத்தில் சாதி என்பது திருவிழாவோடும் கல்யாணத்தோடும் நின்றுவிடும் விஷயமல்ல. அது கூலியைக் குறைக்கும் கருவி. வேலைநிறுத்தத்தைப் பிளக்கும் கோடரி. இதை ஒப்புக்கொள்பவர்களிலேயே சிலர், “முதலில் கூலிக்குப் போராடுவோம், சாதியைப் பேசினால் சங்கம் உடைந்துபோகும்” என்கிறார்கள். இந்த வாதம் சரிதானா? பழைய தஞ்சை ஜில்லாவின் அனுபவம் இதற்குத் தெளிவான பதில் சொல்கிறது.

கீழத்தஞ்சையில் பெரும் மிராசுதார்களுக்கும் மடங்களுக்கும் கோயில்களுக்கும் சொந்தமான நிலங்களில் உழைத்த பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். வேலைக்குப் பிந்தினால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1943-ம் ஆண்டில் தோழர் பி. சீனிவாசராவ் அங்கே விவசாயிகளைத் திரட்டச் சென்றார். அவர் தாய்மொழி கன்னடம்; பிறந்தது பிராமணக் குடும்பத்தில். அவர் சேரியிலேயே உண்டார், சேரியிலேயே உறங்கினார். மிராசுதார்களை நடுங்க வைத்தது அவருடைய மேடைப் பேச்சு மட்டுமல்ல. அந்தச் சாப்பாடும் அந்த உறக்கமும்தான்.

1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கூலிக் கணக்கு மட்டுமா இருந்தது? இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதும் அதிலே இருந்தது. வயிற்றுக் கோரிக்கையும் மானத்தின் கோரிக்கையும் ஒரே மேஜையில் வைக்கப்பட்டன. இதனால் சங்கம் உடைந்ததா? மாறாக, கிராமத்துக்குக் கிராமம் செங்கொடி ஏறியது. 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய நிலைமைக்கு ராஜாஜி சர்க்கார் தள்ளப்பட்டது. சட்டம் வந்ததும் மிராசுதார்கள் பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக மாற்றித் தப்பிக்கப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் குனிந்த முதுகு நிமிர்ந்துவிட்டது. அதை அவர்களால் மறுபடி வளைக்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நாம் ஆழமாகக் கவனிக்க வேண்டும். ஊர்த்தெருத் தொழிலாளியும் சேரித் தொழிலாளியும் ஒரே வேலைநிறுத்தத்தில் இறங்கினாலும், இருவர் தலையிலும் விழும் ஆபத்து ஒன்றல்ல. சேரிக் குடிசை நின்றதே மிராசுதாரின் மனையில். வேலைநிறுத்தம் என்றால் குடிசையைக் காலி செய் என்பார். ஊர்க்கட்டுப்பாடு போட்டால் கடையில் சாமான் இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, வரப்பில் நடக்க வழி இல்லை. இவ்வளவும் சேரிக்கு மட்டும்தான். ஆபத்து ஒரு பக்கம், ஆதாயம் இரு பக்கம் என்றால் அது ஐக்கியமாகுமா? ஆபத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதே ஐக்கியம்.

வெண்மணி இதற்கு ரத்த சாட்சியம். நாகை தாலுகாவில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். செங்கொடியை இறக்கு என்றார்கள். வெளியாட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். தொழிலாளிகள் கேட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு. 1968 டிசம்பர் 25 இரவில், ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 உயிர்கள் தீக்கிரையாக்கப்பட்டன. அனைவரும் தாழ்த்தப்பட்ட மக்கள். மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலித் தகராறு என்றார்கள். சாதிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லப் பார்த்தார்கள். ஆனால் கொளுத்தத் துணிந்த கை சேரியைத் தேடிப் போனதே, ஏன்? சேரி தனியே இருக்கிறது, தனியே எரியும், ஊர் ஓடிவராது என்ற நம்பிக்கைதான். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை ஹைகோர்ட் விடுதலை செய்தது.

அந்தத் தியாகத்துக்குப் பின்னரே 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டமும் வந்தன. மனை சொந்தமானது என்றால் மிராசுதாரின் கையிலிருந்து ஓர் ஆயுதம் பறிக்கப்பட்டது என்று பொருள்.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டது. தொழிலாளியின் பழைய பலம் குறைந்திருக்கிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். ஆனால் 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் விவசாயத் தொழிலாளர்கள் 14 கோடிக்கு மேல். கூலி, மனைப்பட்டா, சுடுகாட்டுப் பாதை என்று எதைக் கேட்டாலும் சாதி குறுக்கே நிற்கிறது. நிலமுள்ளவரையும் நிலமற்றவரையும் ஒரே சாதிக் கொடியின் கீழ் நிறுத்தி, “நாமெல்லாம் ஒரே ரத்தம்” என்கிறார்கள். கூலி கேட்கும் நாளில் அந்த ரத்தம் எங்கே போகிறது? கூலி தரும்போது சொந்தம் கிடையாது. ஓட்டுக் கேட்கும்போதும் சேரி மீது ஏவும்போதும்தான் சொந்தம்!

ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கக் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது? ஊர்த்தெருத் தோழர்கள் சேரிக்கு வந்து தண்ணீர் குடிக்கிறார்களா? சங்கத் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்களும் பெண்களும் இருக்கிறார்களா? டீக்கடையில் தனி டம்ளர் இருந்தால் அதை எதிர்த்து முதலில் எழுந்து நிற்பது ஊர்த்தெருத் தோழரா, அல்லது அதையும் சேரியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்படுகிறதா? ஊர்க்கட்டுப்பாடு வரும் நாளில் யார் வீட்டு அரிசி சேரிக்குப் போகும்?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் உள்ள கிராமத்தில் வேலைநிறுத்தம் நிற்கும். பதில் இல்லாத கிராமத்தில் எத்தனை தீர்மானம் போட்டாலும் மிராசுதார் ஒரே இரவில் உடைத்துவிடுவார். தீண்டாமை ஒழிப்பு கூலிப் போராட்டத்துக்குப் பிறகு வரும் வேலையல்ல. கூலிப் போராட்டத்தின் அஸ்திவாரமே அதுதான். அந்த அஸ்திவாரத்தை இன்றே, நம் தெருவிலிருந்தே போடுவோம்!