நிலைக்காதது வேலையா, பிள்ளையா?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு இடத்துல ஒழுங்கா உட்கார்ந்து வேலை பார்க்கத் தெரியாது." இந்தப் பேச்சைக் கேட்காமல் இன்று ஒரு கல்யாணப் பந்தியைத் தாண்ட முடியாது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்ற பெரியப்பா ஆரம்பிப்பார். சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொன்று சேர்ப்பார்கள். வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறார்கள், மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் தாங்குவதில்லை, ஆறு மணி ஆனால் பையைத் தூக்கிவிடுகிறார்கள், விசுவாசம் என்பதே கிடையாது. மில்லெனியல், ஜென் சி என்று அமெரிக்காவில் வைத்த பெயர்களை நம் பத்திரிகைகளும் அப்படியே எடுத்துக்கொண்டு, பிறந்த வருடத்தை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகின்றன. அந்த அமெரிக்காவிலேயே தேசிய அறிவியல் கழகம் அமைத்த நிபுணர் குழு, ஊழியர்களை இப்படித் தலைமுறை முத்திரை குத்தி நடத்துவதற்கு ஆய்வு ஆதாரம் போதாது என்று 2020-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. நம் ஊரில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இளைஞர்களுக்கு வேலையில் பிடிப்பு இல்லை என்பது பொய். பெரியவர்களின் அலுப்பு என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய பொய்யும் இல்லை. இந்தப் பேச்சால் லாபம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள், நஷ்டப்படுகிற பிள்ளைகள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வேலையைப் பொறுத்தவரை தலைமுறைக் கோடு ஒன்று உண்டென்றால், அது 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி போடப்பட்டது. அன்று முதல் அரசுப் பணியில் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்று ஆனது. மத்திய அரசு அதையே 2004 ஜனவரி 1 முதல் செய்தது. ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி, ஒரே கோப்பு. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பின் மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் வரும். இந்தப் பக்கம் இருந்தவருக்குச் சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தார்கள், முடிவில் என்ன வரும் என்ற உறுதி மட்டும் தரப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று உள்ளே இருந்தவர்களின் ஓய்வூதியத்தில் யாரும் கை வைக்கவில்லை. வெட்டு விழுந்தது அதுவரை வேலைக்கே வராதவர்கள் தலையில். அவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வங்கிகளில் நடந்தது இதைவிடத் தெளிவு. 2010 ஏப்ரலில் ஊழியர் சங்கங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், முன்பு ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட பழைய ஊழியர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. அதே ஒப்பந்தத்தில்தான், 2010 ஏப்ரல் 1 முதல் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றும் முடிவானது. முன்னால் போனவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டு, கீழே நிற்பவனைப் பார்த்து "உனக்கு ஏறத் தெரியவில்லை" என்று சொல்வது நியாயமா?

பெரியப்பா ஒரே இடத்தில் முப்பது வருடம் இருந்தார் என்றால், இருக்கும்படியான இடமாக அது இருந்தது. வருடம் பிறந்தால் இன்கிரிமென்ட் விழுந்தது. விலைவாசி ஏறினால் அகவிலைப்படி ஏறியது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பண்டிகை முன்பணம், மகள் கல்யாணத்துக்கு ஜி.பி.எஃப். அட்வான்ஸ், அவசரத்துக்குச் சொசைட்டி லோன், ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்தால் கையில் காசு. இதையெல்லாம் நம்பி நாற்பது வயதில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு மேசையைப் பூட்டிவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார்கள். யாரும் அவர்களைக் கடமை உணர்வு இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த வாழ்க்கை அவர்கள் கூடிப் போராடி வாங்கியது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1.7 லட்சம் பேர் ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்யப்பட்டதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சலுகை போகிறது என்றதும் தெருவுக்கு வந்த அந்த மனிதர்களை விசுவாசம் கெட்டவர்கள் என்று அன்று வீட்டில் யார் சொன்னார்கள்?

இப்போது பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வேலையைப் பார்ப்போம். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்த, எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தியின் ஆஃபர் லெட்டரை நான் வாங்கிப் படித்திருக்கிறேன். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஊரில் அவள் அம்மா மாதம் முப்பதாயிரம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கீழே உள்ள கட்டத்தைப் படித்தால்தான் விஷயம் தெரியும். கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே இருக்கிறது. அவள் பங்கு பி.எஃப். தனியாகப் பிடிப்பு. இன்சூரன்ஸ் பிரீமியம் அதற்குள், 'வேரியபிள் பே' என்று வந்தாலும் வரும் வராமலும் போகும் ஒரு தொகை அதற்குள். கிராஜுவிட்டியும் அதற்குள்தான், ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் அந்தப் பணத்தை முதல் மாதத்திலிருந்தே சம்பளக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் போக அவள் வங்கிக் கணக்கில் விழுவது இருபத்து மூன்றாயிரத்துச் சொச்சம். அதில் பி.ஜி. ஹாஸ்டல் வாடகை, கல்விக் கடன் தவணை, ஊருக்கு அனுப்புவது. கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி: அவள் விலகுவதென்றால் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பும் பொறியியல் முடித்துப் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் சேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இதே மூன்று, மூன்றரை லட்சம்தான் கொடுத்தார்கள். இடையில் வாடகை ஏறியது, கல்லூரிக் கட்டணம் ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது. அதே கம்பெனியில் உட்கார்ந்திருந்தால் சம்பளம் நகராது, வேறு கம்பெனிக்குப் போனால்தான் நகரும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை கம்பெனி மாறுவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். பெற்றவர்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் மாப்பிள்ளை பார்க்கும்போது எத்தனை வருடம் ஒரே இடத்தில் இருந்தார் என்று கேட்காமல் பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

சரி, விசுவாசமாகவே இருக்கிறார்கள் என்று வையுங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள்தான் போவார்கள் என்று கம்பெனியே சொன்னது. வருடக்கணக்கில் நின்று மேலே வந்தவர்கள் அவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் வந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்து அங்கேயே இருந்துவிடலாம் என்று நம்பிய ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் தெருவுக்கு வந்தார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. அரசாங்கமே ராணுவத்தில் நான்கு வருட வேலையைக் கொண்டுவந்து, நால்வரில் ஒருவருக்குத்தான் அதன்பின் இடம் என்கிறது. இத்தனைக்கும் பிறகு, நிலையில்லாதவன் இருபத்து மூன்று வயதுப் பையன்தானா?

நிலையான வேலையை இளைஞர்கள் வெறுக்கிறார்கள் என்பவர்கள் ஒரு நாள் காலையில் தங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ் கட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த பெண்கள், பி.இ. முடித்தவர்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் அங்கே உண்டு. இவர்கள் எழுதுவது குரூப் 4, பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. 2022-இல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். கால் காசானாலும் கவர்மெண்ட் காசு என்ற பாட்டன் காலத்து நினைப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இடம்தான் இல்லை.

இடம் கொடுத்தால் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு, அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர்களைக் காட்டுகிறேன். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் கற்றுக்கொடுக்க 2012-இல் 16,549 பேரை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பல வருடங்கள் மே மாதச் சம்பளமும் கிடையாது. நிரந்தரம் செய்வோம் என்ற வாக்குறுதியை ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டுக்கொண்டே பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பள்ளிக்கூடங்களை விட்டுப் போகாமல் இருந்தவர்கள் அவர்களில் ஆயிரக்கணக்கானோர். விசுவாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த விசுவாசத்துக்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன?

பிள்ளைகளிடம் மாற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இவர்கள் கேட்கிறார்கள். சம்பளத்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் ஒளிக்காமல் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், ஏன் என்கிறார்கள். எனக்கு இது நல்ல குணமாகத் தெரிகிறது. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007-இல் வந்தது, 2003 கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆலை. அங்கே 2024 செப்டம்பரில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. நாளைக்கு ஓடிப்போக நினைப்பவன் சங்கம் கேட்க மாட்டான்.

இந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்பதையும் பார்த்துவிடுவோம். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் அதை 90 மணிக்குக் கொண்டுபோனார். தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வைத்திருந்த நாட்டில் இதை மேடையில் சொல்லத் தைரியம் எங்கிருந்து வந்தது? இளைஞர்கள் சோம்பேறிகள் என்று வீட்டுப் பெரியவர்களே ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பதால் வந்தது. தமிழ்நாட்டிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. காலிப் பணியிடங்களை நிரப்பாத அரசும், நிரந்தர வேலையை ஒப்பந்த வேலையாக்கிய நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பிள்ளையின் குணத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நஷ்டம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பி, மாலை வரை எங்கோ உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொன்னால் "உன்னால ஒரு இடத்துல இருக்க முடியாதா?" என்ற கேள்விதான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் பிள்ளையோ பேத்தியோ வேலையை விடப்போகிறேன் என்று சொன்னால், அறிவுரையை ஆரம்பிக்கும் முன் சம்பளச் சீட்டையும் ஆஃபர் லெட்டரையும் வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மாதத்துக்கு ஒரு கூட்டம் போடும் உங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போராடத் தெரியும், கோட்டையில் மனு கொடுக்கத் தெரியும், வழக்குப் போடவும் தெரியும். அடுத்த கூட்டத்தில் ஒப்பந்த ஊழியர்களுக்காகவும் பகுதிநேர ஆசிரியர்களுக்காகவும் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.