விளையாட்டு மென்பொருள் சோதனைத் தொழிலில் பயிற்சி வேண்டி விண்ணப்பம்

விழுப்புரம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழக மேலாண்மை இயக்குநர் அவர்கள் சமூகத்திற்கும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பட்டதாரிகளும் பெற்றோரும் அடங்கிய எங்கள் சங்கத்தார் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்:

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் படித்து, தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவரும் எங்கள் பிள்ளைகள், படிப்புக்குச் சம்பந்தமில்லாத ஏதோவொரு உத்தியோகத்திற்காக விடியற்காலைத் தாம்பரம் பாசஞ்சரில் நின்றபடியே பிரயாணம் செய்வதும், அல்லது சென்னையில் தங்கிச் சம்பளத்தில் பெரும்பகுதியை விடுதி வாடகைக்கே கொடுப்பதும் தாங்கள் அறியாததன்று. இவர்களுக்குப் பொருந்தும் புதிய தொழில் ஒன்றைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருவதே எங்கள் நோக்கம்.

வீடியோ கேம் ஒன்று வெளியாகுமுன் அதன் குற்றங்குறைகளைக் கண்டறிந்து எழுதிக் கொடுப்பது அத்தொழில். நாளெல்லாம் விளையாடிச் சம்பளம் வாங்குவது என்று சிலர் எண்ணுவது சரியன்று. எங்கள் உறுப்பினரின் மகள் ஒருத்தி, கார்ப் பந்தய விளையாட்டின் நடுவே போன் அழைப்பு வந்து, அதைத் துண்டித்துத் திரும்பினால், வண்டி சாலைக்குள் புதைந்துபோவதைக் கண்டாள். அதே செயலைப் பத்து முறை செய்து பார்த்து, எத்தனை முறை அப்பிழை நேர்ந்தது, எந்தப் போன், எந்த ஆண்ட்ராய்டு, எந்தக் கட்டம், நடந்திருக்க வேண்டியது எது, நடந்தது எது என்று நோட்டில் வரிசையாக எழுதிவைத்தாள். இந்தப் பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் தெளிவுமே இத்தொழிலின் மூலதனம். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் சிரத்தையிருந்தால் கற்கலாம்.

தமிழறிவுக்கும் இதில் இடமுண்டு. ‘தொடங்கு’ என்ற சொல்லில் தகரத்தின் முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே தள்ளப்பட்டுத் தனியாக நிற்பதைத் தமிழ் தெரியாத சோதனையாளர் பிழையென்றே உணரமாட்டார். டொரொண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற வீடியோ கேம், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலைக் கதையாக்கி, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. தமிழ் விளையாட்டுகள் பெருகும் காலத்தில் அவற்றைச் சோதிப்போர் தமிழ்நாட்டில் இருப்பதல்லவா நியாயம்?

சூதாட்டத்தோடு இத்தொழிலைச் சேர்த்தெண்ணிப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே, மின்விளையாட்டுப் போட்டிகளையும் கல்வி விளையாட்டுகளையும் ஊக்குவிக்க இடமளிக்கிறது. அனிமேஷன், கேமிங் துறைகளுக்கென ஒரு பணிக்குழு அமைக்கப்படும் என்று மத்திய அரசு 2022 பட்ஜெட்டிலேயே அறிவித்ததும் நினைவுகூரத்தக்கது.

பெருநகரத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் எங்கள் பிள்ளைகள் சிலர் கட்டணம் செலுத்திச் சேர்ந்து, ஒரு சாதனத்தையும் கையால் தொடாமல், படக்காட்சிகளை மட்டும் பார்த்துச் சான்றிதழோடு திரும்பிய வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே, தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் இப்பயிற்சியைக் கட்டணமின்றி இவ்விரு ஊர்களிலும் நடத்த வேண்டும். விலை மலிவானதும் பழையதும் புதியதுமாகப் பலவகைப் போன்கள் கொண்ட சோதனைக்கூடம் அமைக்க வேண்டும். வெளிவராத விளையாட்டுகளின் ரகசியம் காக்கும் ஒழுங்கையும், பிழை அறிக்கை எழுதுவதற்குரிய எளிய ஆங்கிலத்தையும் கற்பிக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமாக, வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குச் சோதனை நிறுவனங்களை வரவழைத்து, பயிற்சி முடித்தோருக்கு ஊதியத்துடன் கூடிய தொழிற்பழகுநர் இடங்களைப் பெற்றுத்தர வேண்டும். இரவுப் பணி நேருமாயின், பெண்களுக்கு வாகன வசதி இன்றி எந்த ஏற்பாடும் பூர்த்தியாகாது என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

வரும் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் எங்கள் பிரதிநிதிகள் நேரில் வந்து, பிள்ளைகள் எழுதிய சோதனை நோட்டுகளைத் தங்கள் பார்வைக்கு வைக்க அனுமதி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
விழுப்புரம் – திண்டிவனம்.