மெருகு என்பது பளபளப்பு அன்று

நிட்டினால் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: "மாதிரிகள் மின்மெருகேற்றப்பட்டன." அவ்வளவுதான். எந்த மின்பகுளி, எத்தனை வோல்ட், என்ன வெப்பநிலை, எத்தனை மைக்ரான் உலோகம் கரைக்கப்பட்டது என்பவை அங்கே இரா. முடிவுகளில் மட்டும் கண்ணாடிபோல் மின்னும் ஒரு படமும், சொரசொரப்பு குறைந்ததைக் காட்டும் ஓர் எண்ணும் இடம்பெறும். இது போதாது என்பது என் கருத்து.

நிட்டினால், நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையில் கலந்த வடிவநினைவு உலோகக்கலவை. எடைக்கணக்கில் சுமார் 55 விழுக்காடு நிக்கல். பல்சீரமைப்புக் கம்பி முதல் கால் தமனியில் பொருத்தும் ஸ்டென்ட் வரை இதனால் செய்கிறார்கள். நிக்கலோ பலருக்கு ஒவ்வாமை தருவது. அது உடலுக்குள் கசியாமல் தடுப்பது மேற்பரப்பிலுள்ள டைட்டானியம் ஆக்சைடுப் படலம்.

படலம் தடித்திருந்தால் நல்ல காவல் என்று எண்ணத் தோன்றும். இங்கு நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. வடிவத்தைப் பதிக்க 500 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றும்போது டைட்டானியம் முந்திக்கொண்டு ஆக்சிஜனுடன் சேர்கிறது. பின்தங்கிய நிக்கல் அதன் அடியில் குவிகிறது. மேலே உருவாகும் தடித்த படலமோ வளைத்தால் வெடிப்பது. மாதிரியை நேர்மின்வாயாக்கி அமிலத்தில் கரைக்கும் மின்மெருகேற்றலின் உண்மையான பணி, இந்தப் படலத்தையும் அடியிலுள்ள நிக்கல் அடுக்கையும் நீக்கி, சில நானோமீட்டர் தடிப்பே உள்ள சீரான புதுப்படலம் உருவாக இடந்தருவது. மேடுகள் பள்ளங்களைவிட விரைந்து கரைவதால் பளபளப்பும் வருகிறது, அது உடன்விளைவு.

ஆகவே மின்னும் மாதிரி பாதுகாப்பான மாதிரியாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. கரைத்த ஆழம் போதாவிடில் நிக்கல் அடுக்கின் எச்சம் அங்கேயே இருக்கும். மிகுதியாகக் கரைத்தால் ஸ்டென்டின் மெல்லிய கம்பிகள் மேலும் மெலியும். கலவையிலுள்ள டைட்டானியம் கார்பைடுத் துகள்கள் உதிர்ந்தால் நுண்குழிகள் மிஞ்சும். நாடித்துடிப்போடு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை அசையும் பொருளில் விரிசல் தொடங்க அத்தகைய குழியொன்று போதும். 37 டிகிரியில் உப்புக்கரைசலில் எந்த மின்னழுத்தத்தில் படலம் உடைகிறது, வாரக்கணக்கில் ஊறவைத்தால் எவ்வளவு நிக்கல் வெளியேறுகிறது என்னும் இரண்டையும் அளக்காமல் மேற்பரப்பு மேம்பட்டது என்று எழுதுவது அவசரம்.

நிறுவனங்கள் தம் செய்முறையை மறைப்பது வணிகம். அதில் எனக்கு வியப்பில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு அந்தச் சலுகை ஏன்? திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகங்களும் சேர்ந்து, இதயத் துளையை அடைக்கும் நிட்டினால் கருவியை உருவாக்கியிருக்கின்றன. இத்தகைய முயற்சிகள் பெருகவேண்டிய நாட்டில், ஒவ்வொரு மாணவரும் இதே பாடத்தை முதலிலிருந்து மாதிரிகளைப் பாழாக்கித்தான் கற்கவேண்டுமா?

பாழாவது மாதிரி மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். நிட்டினாலுக்குப் பெரிதும் பயன்படும் மின்பகுளிகளுள் ஒன்று பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் கலந்தது. 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில், அலுமினியத்தை மெருகேற்ற வைத்திருந்த பெர்குளோரிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்த தொட்டி வெடித்து 17 பேர் மாண்டனர். விகிதமும் வெப்பநிலையும் குளிரூட்டும் முறையும் எழுதப்படாத கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, இரவில் தனியாக வோல்ட்டை ஏற்றிப் பார்க்கும் முதலாண்டு மாணவரை நினைத்துப்பாருங்கள்.

நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் துணைக்கோப்பில் அரைப்பக்கம் கேட்டால் போதும்: மின்பகுளியின் கலவை, வெப்பநிலை, மின்னழுத்தம், நேரம், மெருகேற்றும் முன்னும் பின்னும் மாதிரியின் எடை, சூடேற்றிய வரலாறு. சல்ஃபூரிக் அமிலமும் மெத்தனாலும் கலந்த மாற்று இருக்கையில் பெர்குளோரிக் அமிலத்தைத் தேர்ந்த காரணத்தையும் ஒருவரி கேட்கலாம். மெத்தனாலும் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது என்பதை மறவாமல்.