அறிவு குருதியில் வருவதா?

அறிவியல் புனைகதை என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவன விண்கலமும் எந்திர மனிதனும் காலப்பொறியுமே. உயிரியலும் இத்துறைக்குத் தொடக்கம் முதலே உரிய பொருள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1818இல் மேரி ஷெல்லி வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’, உயிரைத் தானே ஆக்க முனைந்த ஒருவனின் கதையன்றோ? தமிழில் இத்துறையை வெகுமக்களிடம் கொண்டுசென்ற சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் எந்திர நாயைப் படைத்ததோடு, மூளையின் இயல்பை விளக்கத் ‘தலைமைச் செயலகம்’ என்னும் தனி நூலும் எழுதினார். ஆயினும், எந்திரத்தைப் புனையும்போது நம்மவர் காட்டும் கவனம் உடலைப் புனையும்போது தளர்ந்துவிடுகிறது. எந்திரம் ஓட மின்னாற்றல் வேண்டும் என்பதைக் கதாசிரியர் மறப்பதில்லை. மரபணுவோ கதைக்குள் வந்ததும் மந்திரக்கோலாகி விடுகிறது.

இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று, 2011ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டி ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ திரைப்படம். காஞ்சிபுரத்திலிருந்து சீனம் சென்ற போதிதருமரின் மருத்துவத் திறனும் போர்த்திறனும், அவர் வழித்தோன்றலான ஒரு சர்க்கஸ் கலைஞனின் டி.என்.ஏ.யில் உறங்கிக் கிடக்கின்றன. மரபியல் பயிலும் மாணவி ஒருத்தி அவற்றைத் தட்டி எழுப்புகிறாள். நாட்டைச் சூழ்ந்த கொள்ளைநோய் அகல்கிறது. மறந்துபோன ஒரு வரலாற்று மாந்தரை இளைஞர் நாவில் உலவவிட்ட பெருமை இப்படத்துக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆனால் உயிரியல் கூறுவது வேறு. டி.என்.ஏ.யில் இருப்பது புரதங்களை எப்போது, எவ்வாறு ஆக்குவது என்னும் குறிப்பு; கற்ற கல்வியின் ஏடு அன்று. 1880களில் ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார். பிறந்த 900க்கும் மேற்பட்ட குட்டிகளில் ஒன்றேனும் வாலின்றிப் பிறக்கவில்லை. வாழ்நாளில் உடல் அடைந்த மாற்றம் வித்தில் ஏறுவதில்லை என்பது அவர் கண்ட முடிபு. பெற்றோர் பட்ட அச்சத்தின் சாயல் சில வேதியியல் அடையாளங்களாக அடுத்த ஓரிரு தலைமுறைக்குச் செல்லக்கூடும் என அண்மைக்கால எலி ஆய்வுகள் சில கூறுகின்றன. எனினும், சாயல் வேறு. சிலம்பமும் சித்த மருத்துவமும் வேறு.

கணக்கும் இதற்குத் துணை நிற்கவில்லை. மூதாதை ஒருவரின் பங்கு தலைமுறைதோறும் சராசரியாகப் பாதியாகக் குறைந்து, பத்தாம் தலைமுறையிலேயே 1,024இல் ஒன்றாகச் சுருங்குகிறது. போதிதருமருக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,500 ஆண்டுகள். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால் அறுபது தலைமுறைகள். எஞ்சுவது எவ்வளவு என்பதை மாணவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கதைக்குக் கற்பனை உரிமை இல்லையா எனச் சிலர் வினவக்கூடும். உண்டு. உண்மை பிறழ்ந்ததற்காக நாம் வருந்தவில்லை; அறிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறழச் சொன்னதற்காகவே வருந்துகிறோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் முன் நிற்பவரின் மகன், ஆவடித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவரின் மகள், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோரம் பழம் விற்பவரின் பிள்ளை எனத் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிப்போர் இப்பகுதியில் பலர். “எங்கள் பரம்பரையில் யாருக்கும் படிப்பு ஏறாது ஐயா” எனத் தலைகுனியும் மாணவனிடம், பேரறிவு ஒரு குலத்தின் குருதியில் மட்டுமே உறங்குகிறது என்று கதையும் சொன்னால் அவன் எங்கே போவான்? பிறப்பால் உயிர்கள் ஒத்தவை என்ற வள்ளுவர் வழிவந்த நாம், பிறப்பே அறிவு என்பதற்கு அறிவியலைச் சாட்சியாக அழைக்கலாமா?

வேறு வழியிலும் கதை சொல்லலாம் என்பதற்கு முன்னோடிகள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசிய மருத்துவர் இப்னு துஃபைல் அரபியில் எழுதிய ‘ஹய் இப்னு யக்ளான்’ கதையில், மனிதரில்லாத் தீவில் ஒரு குழந்தையைப் பெண்மான் வளர்க்கிறது. அம்மான் இறந்தபோது, தன் தாயை விட்டுப் போனது யாது என அறியத் துடித்து, அதன் மார்பைப் பிளந்து இதயத்தை ஆராய்கிறான் அச்சிறுவன். அவன் பெற்றோரின்றி மண்ணிலிருந்தே தோன்றியவன் என்றும் அக்கதையில் ஒரு கூற்று உண்டு. குலமில்லை, ஆசானில்லை; கண்ணும் கேள்வியுமே அவனுக்குத் துணை. அக்கால உடலியலில் இன்று பிழைகள் காணலாம். அவன் அறிவு தேடிய முறையில் பிழை இல்லை.

இன்னொன்று நம் சென்னையோடு தொடர்புடையது. வங்கத்தின் பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’, 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழிலேயே முதலில் அச்சேறியது. அவர் கண்ட நாட்டில் கொள்ளைநோயும் இல்லை, கொசுக்கடியும் இல்லை. மாலையானதும் கதவடைக்கும் ஆவடி, அம்பத்தூர் மக்களுக்கு இதுவே பெருங்கனவாகும். அந்நாட்டுப் பெண்கள் மழைநீரையும் வெயிலையும் வசப்படுத்தியது குலப்பெருமையால் அன்று. தம் பல்கலைக்கழகங்களில் பயின்றும் ஆய்ந்தும் வென்றனர்.

ஆதலின் நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தமிழ் பயில்வோரும் விலங்கியல், தாவரவியல் பயில்வோரும் ஒரே மேசையில் அமர்ந்து கதை எழுதுங்கள். மரபணுவைப் பற்றி எழுதுமுன் அதனை அறிந்தவரிடம் கேளுங்கள். முன்னோரைப் போற்றுவோம், அவர்தம் அறிவை ஏட்டிலும் பயிற்சியிலும் தேடுவோம். குருதி தானாக வருவது. கல்வி நாம் சென்று பெறுவது. கல்லூரிகள் எழுந்ததும் அதற்காகத்தானே!